இடப்பக்கம் வந்த ஸ்டியரிங்

போன மாதம் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் சாமான் வாங்கப் போன இடத்தில், தேத்தண்ணிக் கடையில் வைத்து, தெரிந்த தம்பி ஒருவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பழைய ஜீப் ஒன்றின் ஸ்டியரிங்கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றுகிற வீடியோ அது.

“இரண்டு நாள் வேலையாம் அண்ணை. சாமான் எல்லாம் ஒரே பெட்டியிலை வருதாம். நீங்கள் ஒரு வண்டிக்கு ஆறு கிழமை மினைக்கெட்டனீங்கள் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?”

“ஓம், ஆறு கிழமை” என்றேன்.

“அப்பிடி என்னதான் செய்தனீங்கள்?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இருக்கவில்லை. வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. இருந்து எழுத இப்போது நேரம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் லொறியும் உழவு இயந்திரமும் திருத்துகிற கராஜ் ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்தேன். பாரிசுக்கு வந்து பதினாறு வருடம் ரெஸ்டோரண்ட் குசினிகளில் முதலில் கோப்பை கழுவினேன், பிறகு கிழங்கு வெட்டினேன், பிறகு அடுப்படியில் நின்றேன். விசா கிடைத்தது, மனுசி வந்தா, பாரிசுக்கு வெளியே செவ்ரானில் வீடு எடுத்தோம். அந்தக் காலத்தைப் பற்றி எழுத என்னிடம் அதற்கு மேல் இல்லை.

2009ஆம் ஆண்டு சித்திரை மாதம். வன்னியில் நடக்கிற போரை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் நாள்தோறும் பாரிஸ் தெருக்களில் நின்று கத்திய நாட்கள். நானும் ஒரு நாள் அப்படி நின்றுவிட்டு, போராட்ட அட்டை கழுத்தில் தொங்க, லா சப்பல் மேத்ரோப் பாலத்துக்குக் கீழே நடந்து வந்துகொண்டிருந்தேன். பாலத்தடியில் பழைய இங்கிலாந்து ஜீப் ஒன்று நடுத்தெருவில் நின்றுபோயிருந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் பொனற்றைத் திறந்துவிட்டு டீசல் கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. அவருக்கு இரண்டு கை போதாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் போய்க் கதவைத் திறந்து ஏறி, அவர் கையைக் காட்டியபோது ஸ்டார்ட் பண்ணினேன். மூன்றாம் தரம் பிடித்தது.

தெருவோரம் விட்ட பிறகு அவர் சொன்னார்: “இந்த ஊரிலை எல்லாரும் முதலிலை இடப்பக்கக் கதவைத்தான் திறப்பாங்கள். நீர் நேரை வலப்பக்கம் போனீர்.”

“எங்கடை நாட்டிலை ஸ்டியரிங் வலப்பக்கந்தான்.”

என் கழுத்தில் தொங்கிய அட்டையை அப்போதுதான் வாசித்தார்.

“நாளைக்கு வேலைக்கு வர ஏலுமோ?”

“நாளைக்கு ஏலாது. நாளைக்கும் போய் நிக்க வேணும்.”

“அப்ப அது முடிஞ்ச பிறகு வாரும்” என்று சொல்லி முகவரி எழுதித் தந்தார்.

வைகாசி மாதக் கடைசியில் போனேன். போர் எப்படி முடிந்தது என்று அவர் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்துத் தந்து, கை கழுவுகிற இடத்தைக் காட்டினார். நான் அழுதது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார்.

அவருடைய பெயர் அமார். அல்ஜீரியாவில் கபில் மலைநாட்டில் பிறந்து, பத்து வயதில் பிரான்சுக்கு வந்தவர். லா சப்பலுக்கு வடக்கே, பாரிஸ் முடிகிற இடத்தில் அவருடைய கராஜ் இருந்தது. நாங்கள் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில். இங்கே என் வாய்க்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். ‘பத்ரோன்’, அதாவது முதலாளி, என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. கோபம் வந்தால் குரல் உயராது, குறையும். அவர் மிக மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழும்பி நிற்போம்.

இங்கிலாந்திலிருந்து வருகிற பழைய ஜீப்புகளின் ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றுவதுதான் அங்கே முக்கியமான வேலை. வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிரான்சில் ஓடலாம், சட்டம் தடுக்காது. ஆனால் இங்கே றோட்டின் வலப்பக்கத்தால் ஓட வேண்டும்; முன்னால் ஒரு லொறி போனால், வலப்பக்கம் இருக்கிறவருக்கு அதன் பின்பக்கத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. முந்துவதற்கு முழு வண்டியையும் வெளியே விட்டுத்தான் எதிரே பார்க்க வேண்டும். தனியே ஓடுகிறவருக்கு அது உயிர் விளையாட்டு.

இந்த ஜீப்புகளைச் செய்தவர்கள் இரண்டு பக்கத்தையும் யோசித்தே செய்திருக்கிறார்கள். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நிற்கிற தகட்டுச் சுவரில் இரண்டு பக்கமும் துளை இருக்கும். பாவிக்காத பக்கத்துத் துளைகளைச் சின்னத் தகடுகளால் மூடியிருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றியதும் பாதி வேலை முடிந்தது போலத் தெரியும். ஏமாற்று அது. வலப்பக்க ஸ்டியரிங் பெட்டியைக் கொண்டுவந்து இடப்பக்கம் பூட்ட முடியாது. கவிழ்த்துப் பூட்டினால் இடப்பக்கம் வெட்ட வண்டி வலப்பக்கம் போகும். இடப்பக்கத்துக்கென்றே செய்த பெட்டி தேட வேண்டும். கிடைத்தாலும் அமார் அதை நம்ப மாட்டார். மேசையில் வைத்துத் திறந்து, ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரி நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுத்தான் வண்டிக்குக் கொண்டுபோவார்.

பிறகு பிறேக், கிளச் மிதிகள். அவற்றோடு பிறேக் எண்ணெய்க் குழாய்கள் முழுவதும் புதுப் பாதையில் போக வேண்டும். குளிருக்கு வண்டிக்குள் சூடு தருகிற பெட்டி, ஓட்டாதவரின் காலுக்கு முன்னால் இருப்பது, அதுவும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். மழை துடைப்பான் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே நன்றாகத் துடைக்க வேண்டும். இங்கிலாந்து ஹெட்லைட்டைத் தாழ்த்தினால் வெளிச்சம் இடப்பக்கம் சாயும். இங்கே அது எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்கும், அதனால் விளக்கையே மாற்ற வேண்டும். ஸ்டியரிங் தண்டு கட்டையாக இருக்கிறதென்று வெட்டி ஒட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அமாரின் கராஜில் ஸ்டியரிங் தண்டுக்குக் கிட்ட வெல்டிங் போகக் கூடாது. அதற்காகவே ஒரு வேலையைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன்.

எல்லாம் முடிய அரசாங்கப் பரிசோதகர் வந்து பார்த்து ஒப்பமிட வேண்டும். ஆனால் அமாரிடம் அதைவிடக் கடுமையான ஒரு தாள் இருந்தது. நாற்பது வரி. ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை. யார் செய்தாரோ அவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் பக்கத்தில் போட வேண்டும். அதில் ஒரு வரி: முன்சில்லு ஒன்றை, அதாவது முன்சக்கரம் ஒன்றை, இரண்டு சிலிப்பர் கட்டை உயரத்துக்கு ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கை முழுக்க இடம், முழுக்க வலம் வெட்டி, கீழே படுத்துப் பார்க்க வேண்டும். பிறகு மற்றச் சில்லு. றெயில் தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற பாரமான கட்டைகள் அவை. தூக்கி வைப்பதற்குள் இடுப்பு முறியும். எதற்கு இது என்று தொடக்கத்தில் கேட்டேன்.

“நிலம் மட்டமாய் இருக்கேக்கை எல்லாம் எட்டத்திலைதான் நிக்கும்” என்றார். “இது மலையிலை போற வண்டி. ஒரு சில்லு கல்லிலை ஏறினால் அச்சு முழுக்க மேலை வரும். அப்ப எது எதோடை முட்டுது எண்டு நாங்கள் இஞ்சை பாக்க வேணும், அவை அங்கை பாக்கக் கூடாது.”

நான் சேர்ந்த நாலாவது வருடம் ஒரு லொறியில் ஏற்றி ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். பின்னால் சின்னக் காரில் அதன் சொந்தக்காரர்கள். மனுசி பிரெஞ்சுக்காரி, பெயர் சூசான். கணவர் ஜோர்ஜ், இங்கிலாந்துக்காரர். கல்லடுக்கி மதில் கட்டுகிற வேலை செய்தவர். பாரிசிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி மோர்வான் மலைப்பக்கத்தில் இருந்தார்கள். அதற்கு முந்தின வருடம் ஜோர்ஜுக்குப் பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் இழுத்துவிட்டன. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். இனி வாகனம் ஓடக் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அமார் எந்த வாடிக்கையாளரிடமும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “இடப்பக்க ஸ்டியரிங்கோடை வேறை ஒண்டு வாங்கலாமே? இதைவிடச் சுகம்.”

சூசான் ஜோர்ஜை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னா: “இவருக்கு வலக்கைதான் கை. இந்த வண்டியின்ரை வலப்பக்கக் கதவடியிலை இருக்கிற பிடியைப் பிடிச்சு, தானே ஏறி, தானே இறங்குவார். என்ரை காரிலை அப்பிடிப் பிடி இல்லை, நான் குழந்தையைப் போலைத் தூக்க வேணும். இண்டைக்கு இஞ்சை வந்ததைத் தவிர, ஒரு வருசமாய் அந்தக் காரிலை ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தான் வந்தவர். வேறை எங்கையும் வர மாட்டன் எண்டிட்டார்.”

“அப்ப அவர் வலப்பக்கம் இருக்க வேணும்.”

“ஓம். நான் இடப்பக்கம் இருப்பன். முப்பது வருசமாய் நான் அங்கைதான் இருந்தனான். லொறியை முந்திறதெண்டால் நான்தான் எட்டிப் பாத்து ‘போ’ எண்டு சொல்லுவன், அதுக்குப் பிறகுதான் இவர் எடுப்பார். எங்களுக்கு இடம் மாற வேண்டாம். ஸ்டியரிங்கை மட்டும் என்ரை பக்கம் கொண்டு வாங்கோ.”

இவ்வளவும் கதைக்கும்போது ஜோர்ஜ் தன் ஜீப்பின் வலப்பக்க சீற்றில் ஏறி இருந்துவிட்டார். வலக்கை ஸ்டியரிங்கில். சூசான் போய்க் கூப்பிட்டா, இறங்கவில்லை. நான் கிட்டப் போனேன், பார்க்கவேயில்லை. நாங்கள் வேலை தொடங்க வேண்டும், ஆனால் மனிசன் அசைகிற மாதிரி இல்லை.

அமார் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கால் மணித்தியாலம் இருந்திருப்பார்கள். பிறகு அமார் என்னைப் பார்த்து, “பெரிய சொக்கற்றைக் கொண்டு வாரும்” என்றார். நட்டுக் கழற்றுகிற அந்தச் சாவியை வாங்கி ஜோர்ஜின் வலக்கையில் வைத்தார்.

“இது உங்கடை வண்டி. முதல் நட்டை நீங்கள்தான் கழற்ற வேணும்.”

ஜோர்ஜ் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த மூடியை நகத்தால் கிளப்பினார். அமார் ஸ்டியரிங் சுற்றாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜோர்ஜ் ஒற்றைக் கையால் நெம்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் உதவிக்கு ஓரடி வைக்க, அமார் கண்ணால் நிறுத்தினார். நாலாம் தரம் நட்டு இளகியது. ஜோர்ஜ் அதைக் கையால் சுற்றி எடுத்து அமாரிடம் கொடுத்துவிட்டு, பிடியைப் பிடித்துத் தானே இறங்கினார். எத்தனையோ பத்ரோன்மாரிடம் வேலை செய்திருக்கிறேன். இப்படி ஒன்றை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆறு கிழமை வேலை செய்தோம். பிறேக் குழாய் முழுவதும் என் பொறுப்பு. செப்புக் குழாயைக் கையால் வளைத்து வளைத்து, எங்கும் நசியாமல், எங்கும் உரசாமல் கொண்டுபோனேன். கட்டையில் ஏற்றிச் சோதித்தோம். பரிசோதகர் பார்த்து ஒப்பமிட்டார். அமார் குழாயை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “வடிவாய் இருக்கு” என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல் வருவது அருமை. அன்று றெயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

வண்டியைக் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமை அமார் தங்கையின் அலுவலாக மார்செய் போயிருந்தார். காலையில் நான் ஒரு சுற்று ஓடிப் பார்த்தபோது முன் இடச்சில்லுப் பக்கம் சின்னதாக ஒரு கிலுகிலுப்புச் சத்தம். இறங்கிப் பார்த்தேன். சில்லுக்குப் போகிற றப்பர் பிறேக் குழாயைத் தாங்குகிற தகடு பக்கத்துத் தகட்டில் பட்டுச் சத்தம் போட்டது. ஒரு விரல் அகலம் முன்னால் தள்ளிப் பூட்டினேன். சத்தம் நின்றது.

ஒன்றைத் தள்ளினால் தாளின்படி திரும்பவும் கட்டையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் சூசானும் ஜோர்ஜும் வந்து வாசலில் நின்றார்கள். ஜோர்ஜ் பொல்லை ஊன்றியபடி, இருக்கச் சொல்லியும் இருக்காமல், வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிசனை இன்னும் முக்கால் மணித்தியாலம் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. மட்ட நிலத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டிப் பார்த்தேன். ஒரு விரல் இடைவெளி இருந்தது. போதும் என்று நினைத்தேன். தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் என் எழுத்தைப் போட்டேன். ஜோர்ஜ் வலப்பக்கத்தால் ஏறினார், சூசான் இடப்பக்கத்தால் ஏறினா, கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் தேர். நான் வேட்டியோடு, மனுசிக்குப் பக்கத்தில், சனத்துக்குள் நின்றேன். ஒரு மூலையில் தேர் திரும்பும்போது ஒரு பக்கச் சில்லு நடைபாதைக் கல்லின் ஓரத்தில் ஏறிவிட்டது. பின்னால் நின்றவர்கள் கட்டை போட ஓடினார்கள். ஏறிய பக்கத்து அச்சு உயர்ந்து, அதன் முனை, தேரில் தொங்கவிட்டிருந்த பட்டுத் துணியோடு போய் ஒட்டியது. இழுக்க இழுக்கத் துணி தேய்ந்து, ஓரம் கிழிந்தது. யாரோ “துணியைத் தூக்குங்கோ” என்று கத்தினார்.

எனக்கு ஜோர்ஜின் ஜீப் நினைவுக்கு வந்தது. ஒரு விரல் இடைவெளி மட்ட நிலத்தில்தான் இருந்தது. இடச்சில்லு ஒரு கல்லில் ஏறி, அந்த நேரம் ஸ்டியரிங் முழுக்க வெட்டுப்பட்டால், தள்ளிவைத்த குழாய் நேரே ஸ்டியரிங் கம்பியின் முனையில் போய் உரசும். அவர்கள் இருப்பது மலையில்.

மனுசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, தலை சுத்துதோ?” என்றா.

“நான் ஒரு பிழை விட்டிட்டன்” என்று சொல்லிவிட்டு, மேளச் சத்தம் கேளாமல் பக்கத்து நகைக்கடைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சூசானுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். வண்டியை ஓட வேண்டாம் என்று செய்தி விட்டேன். பிறகு அமாருக்கு எடுத்தேன். அவர் முந்தின நாள்தான் மார்செய்யிலிருந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், தாளில் எழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

அவர் மிக மெதுவாகக் கேட்டார்: “எந்தச் சில்லு?”

“முன் இடம்.”

“புதுக் குழாய் கராஜிலை இருக்கு. எடுத்துக்கொண்டு வாறன். மார்க்ஸ் டொர்முவா மேத்ரோ வாசலிலை நில்லும்.”

மனுசி அர்ச்சனைப் பையை என் கையில் திணித்துவிட்டு, “போங்கோ, போங்கோ” என்றா. சட்டை மாற்ற நேரமில்லை. நெற்றியில் திருநீறு, இடுப்பில் வேட்டி, அப்படியே அமாரின் வானில் ஏறினேன்.

நான் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் சூசானுக்கு எடுத்துக்கொண்டேயிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு அமார் சொன்னார்:

“நீர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிய வந்திராது. அதை நான் மறக்க மாட்டன். செய்யாததுக்கு எழுத்துப் போட்டதையும் மறக்க மாட்டன்.”

“ஓம்” என்றேன்.

இன்னும் கொஞ்சத் தூரம் போய், “அந்தத் தேரை எத்தினை பேர் இழுப்பினம்?” என்று கேட்டார். சொன்னேன். சில்லு எதாலே செய்தது, திருப்புவதற்கு என்ன செய்வார்கள் என்றெல்லாம் கேட்டார். என்னை நடுங்க விடாமல் வைத்திருக்கத்தான் கேட்கிறார் என்று விளங்கியது. விளங்கியும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

வீட்டு வாசலில் ஜீப் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டி, “காலமை சாப்பாட்டுக் கூடையோடை வெளிக்கிட்டிட்டினம். மேலை, பழைய கல்லுக்குழிக்கு. அங்கை போன் வேலை செய்யாது” என்றா. ஜோர்ஜ் மதில் கட்டக் கல் எடுத்த இடமாம். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் போகிறாராம். சந்தோசமாகச் சொன்னா.

பாதை முழுக்கக் கல். அரைவாசியில் அமாரின் வான் ஏற மறுத்தது. சாவியும் சுத்தியலும் இருந்த வேலைச் சாமான் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தோம். நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குள்ளே சொல்லவும் பயமாக இருந்தது.

கடைசித் திருப்பத்தில் ஜீப் நின்றது. ஜோர்ஜ் வலப்பக்கக் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கப்போட்டபடி அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூசான் புல்லில் துணி விரித்திருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பி, என் வேட்டியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினா. அமாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நான் நேரே வண்டிக்குக் கீழே போனேன். றப்பர் குழாயின் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. நகத்தால் தடவினேன். மேல் தோல் போய் உள்நூல் வெளியே தெரிந்தது. எண்ணெய் இன்னும் கசியவில்லை. இதே பாதையால் இறங்கினால், கல்லில் ஏறி ஏறி, திருப்பத்துக்குத் திருப்பம் பிறேக் போட்டு... நான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

வெளியே அமாரின் குரல் கேட்டது: “எங்கடை கராஜிலை ஒரு பிழை நடந்து போச்சு, மதாம். பிறேக் குழாய் ஒண்டு மாத்த வேணும்.”

நான் வெளியே வந்தேன். “கராஜ் இல்லை மதாம். நான்தான். கட்டையிலை ஏத்திப் பாக்காமல் பாத்ததெண்டு எழுதிட்டன்.”

சூசானின் முகம் வெளிறியது. “நான் இவரை வைச்சுக்கொண்டு இந்த மலையிலை ஏறி வந்தனான்” என்றா. “உங்களை நம்பித்தானே வந்தனான்? நீங்கள் பொய் எழுதினீங்களோ?”

“ஓம்.”

அவ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டா. அதற்கு நான் தகுதியானவன்தான். அமார் எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுவும் சரிதான். அப்போது ஜோர்ஜ் அப்பிளை வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, “வந்... திட்டினம்... தானே” என்றார்.

குழாயைத் தாங்குகிற தகட்டைப் பழைய துளைக்குத் தள்ளிப் பூட்டி, புதுக் குழாயைப் போட்டேன். இனிக் காற்றெடுக்க வேண்டும். மேலே ஒருவர் பிறேக் மிதியை அமத்திப் பிடிக்க, கீழே நட்டை இளக்கிக் காற்றை வெளியே விட்டு, நட்டை இறுக்கிய பிறகே மேலே மிதியை விட வேண்டும். ஒரு கணம் முந்தி விட்டாலும் காற்று திரும்ப உள்ளே போகும். அமார் எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் நின்றார், நான் கீழே. சூசான் கோபத்தோடேயே ஏறி இருந்து மிதித்தா. கெதியாகக் கெதியாக மிதித்தா. இரண்டு தரமும் காற்று திரும்ப உள்ளே போனது.

ஜோர்ஜ் தன் பக்கத்தால் ஏறி இருந்தார். எத்தனையோ தரம் தன் கையால் செய்த வேலை அவருக்கு அது. “அமத்து” என்றார். குழாயில் குமிழி வந்தது. “பிடி.” நான் நட்டை இறுக்கி, ‘சரி’ என்று தகட்டில் தட்டினேன். “விடு.” ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, தடக்காமல் வந்தது. சூசான் அவருடைய வாயையே பார்த்து மிதித்திருக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று தரம். கடைசியில் குமிழியே இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தது.

சிலிப்பர் கட்டைக்குப் பதிலாக அங்கே கல் இருந்தது. இடச்சில்லை ஒரு பெரிய கல்லில் ஏற்றினோம். முழுக்க வெட்டினோம். நான் கீழே படுத்துப் பார்த்தேன். பிறகு அமாரும் மண்ணில் புரண்டு பார்த்தார். மற்றச் சில்லையும் ஏற்றினோம். நாலு விரல் இடைவெளி.

திங்கட்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமார் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்து, என் எழுத்தை என் கையாலேயே வெட்டச் சொன்னார். கீழே நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன். அதைக் கிழிக்கவில்லை, கோவையில் வைத்தார். அடுத்த ஜீப் வந்தபோது பிறேக் குழாய் வேலையைத் திரும்ப எனக்கே தந்தார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பேர் எழுத்துப் போட வேண்டுமென்று தாளை மாற்றினார். என் வேலைக்கு அவர், அவருடைய வேலைக்கு நான். அவர் செய்த வேலைக்கு நான் இரண்டு தரம் எழுத்துப் போட மறுத்திருக்கிறேன். இரண்டு தரமும் ஒன்றும் சொல்லாமல் போய்த் திரும்பச் செய்தார். அப்படிப்பட்ட ஒருவரோடு வேலை செய்து ஓய்வு பெற்றதை நான் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

மலைக்கு வருகிறேன். பின்னேரமாகிவிட்டது. அமார் ஜீப்பைக் காட்டி, “நீர் அதிலை ஏறும். நான் நடந்து வந்து வானை எடுக்கிறன்” என்றார். சூசான் என்னைப் பார்க்காமல் பின்கதவைத் திறந்து விட்டா. நான் பின்னால் இருந்த பலகை சீற்றில் இரண்டு பேருக்கும் நடுவே தெரிகிற மாதிரி இருந்தேன்.

இறங்கத் தொடங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலக்கால் தன்பாட்டில் தகட்டை அமத்தியது. சூசான் நல்ல ஓட்டக்காரி. திருப்பத்துக்கு முன்பே மிதித்து, பிடித்து, மெல்ல விட்டா. முதல் திருப்பத்தில் பிறேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. அமாரின் வான் நின்ற இடத்தைத் தாண்டினோம். கல் குறைந்து தார் றோட்டு வந்தது. நான் அப்போதும் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் போகச் சூசான் கண்ணாடியில் என்னைப் பார்த்தா. நடந்ததை நான் சொன்னதிலிருந்து முதல் தரமாகக் குரலைத் தாழ்த்தி, “சத்தம் போடாதேங்கோ” என்றா. நான் ஒரு சத்தமும் போடவில்லை. எட்டிப் பார்த்தேன். ஜோர்ஜின் வலக்கை கதவுப் பிடியில் இருந்து நழுவி மடியில் கிடந்தது. தலை கதவோரம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, மெல்லிய குறட்டை வந்தது.

“முப்பது வருசத்திலை” என்றா சூசான், “இந்த வண்டிக்குள்ளை இவர் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை.”

வீட்டு வாசல் வந்தபோது அவ பிறேக்கை அவ்வளவு மெதுவாகப் போட்டா, அவருடைய நித்திரை கலையவில்லை.